அக்ரிலிக்கில் ஒட்டாத பசை

கள்ளக்குறிச்சி வாழ் நண்பர்களே! கண்ணாடியை ஒட்டும் பசை அக்ரிலிக்கை ஒட்டாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதுவே என் குறை.

மகளின் மீன்களுக்காக, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடுகளை அறுத்துத் தொட்டி செய்தேன். கடையில் தந்த சிலிக்கான் பசையை மூலைகளில் பூசி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன்.

இன்று காலை நீர் நிரப்பியதும் பக்கத் தகடு மெல்ல விலகியது. கூடமெங்கும் வெள்ளம். கைக்கு எட்டியவை மேடைகளில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள்தாம். அவற்றால் துடைத்தேன்.

"இன்னாங்க, அது தண்ணிய உறியுமா? துண்ட எடுங்க" என்றார் மனைவி.

கடைக்காரரிடம் சென்று முழங்கினேன்.

"அண்ணே, அன்னிக்கும் இப்புடித்தான் பேசிக்கினே இருந்தீங்க. இன்னா தொட்டின்னு என்னைக் கேக்க வுட்டீங்களா? அக்ரிலிக்குக்கு வேற பசைண்ணே. நாளைக்குத்தான் வரும்" என்றார் அவர்.

மகளின் ஐந்து மீன்களும் சோற்றுக் குண்டானில் நெருக்கியடித்து, வாயை மேலே நீட்டி மூச்சு வாங்குகின்றன.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தக் காத்திருப்போரே, அதை விடுங்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் மீன்தொட்டியை இன்றே, இப்போதே தூக்கி வாருங்கள்!