ராணிம்மாவும் காலி சீட்டும்

பஸ்ஸில் காலி சீட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேற்று பிடோக்கிலிருந்து தேக்காவுக்குப் போன பஸ்ஸில் பாதி சீட் காலி. பையை ஒன்றில் வைத்து, பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள், கதையைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் உட்காருவீர்கள்.

என் அம்மா சிங்கப்பூருக்கு வந்தது சீதனமாக. ஆமாம், வெள்ளிக் குத்துவிளக்கு, தேக்குக் கட்டில், அப்புறம் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையின் ஒரே வாரிசு ராணிம்மா. இங்கே ஒரு வியாபாரிக்கு அவரைக் கட்டிக்கொடுத்தபோது, கூடமாட ஒத்தாசைக்கு என்று அம்மாவையும் கப்பலேற்றிவிட்டார்கள். ராணிம்மா இருக்கும் இடத்தில் அம்மா உட்காரக் கூடாது. அது பண்ணை வழக்கம்.

அம்மா இங்கே வந்த பிறகுதான் ஊரில் செங்கொடி ஏறியது. அறுப்புக்கு வர மாட்டோம் என்று கூலிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவரான என் மாமா பண்ணை வீட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் கூலி பேசினாராம்! ராணிம்மாவின் நிலமும் போயிற்று. சேதி வந்த அன்று அந்தம்மா சோபாவில் சாய்ந்து அழுதார்களாம். அம்மா நின்றுகொண்டே விசிறினாளாம்.

புருஷனின் வியாபாரமும் படுத்ததும் ராணிம்மா பிடோக்கில் அடுக்குமாடி புளோக் வீட்டுக்கு வந்தார். அவர்கள் வீட்டு டிரைவரையே கட்டிக்கொண்ட அம்மாவும் எதிர் புளோக்கில்தான். வெள்ளிக்கிழமை ராணிம்மா, அம்மா, நான் மூவரும் தேக்கா கோயிலுக்குப் போவோம். ராணிம்மா ஜன்னலோரம், யூடிகோலோன் வாசனையோடு. பஸ்ஸே காலியாகக் கிடக்கும், அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"உட்காருங்க லா அக்கா, பிரேக் போட்டா விழுந்துடுவீங்க" என்று பஸ் டிரைவர் கத்துவார். ராணிம்மா வெளியே வேடிக்கை பார்ப்பார். 'உட்காரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"ஏம்மா, சிங்கப்பூர்ல யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"அவங்க பாக்குறாங்கல்ல."

போன மாதம் ராணிம்மா போய்ச் சேர்ந்தார். புளோக்குக்குக் கீழே துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார வரிசை வரிசையாக வாடகை நாற்காலிகள். பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெவல்யூஷன்ல பாட்டி எல்லாத்தையும் லாஸ் பண்ணிட்டாங்க, ஆன்ட்டி" என்றான். எனக்கு மண்டை சூடாகிவிட்டது. யார்டா இழந்தது? ரெண்டு முட்டியும் தேய்ந்துபோன என் அம்மா சவப்பெட்டியருகே நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரும்மா! அதான் செத்துட்டாங்கல்ல!"

"கத்தாதடி. இன்னும் எடுக்கலையே."

எடுத்தார்கள். மண்டாய்ச் சுடுகாட்டுக்குக் கிளம்பிய வண்டி திருப்பத்தைத் தாண்டி மறைந்த பிறகுதான் அம்மா உட்கார இடம் தேடினாள். அதற்குள் வாடகைக்காரர்கள் நாற்காலியையெல்லாம் அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒன்றையாவது இறக்கச் சொல்லி லாரிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன்.

"விடுடி," என்றாள் அம்மா, தூணைப் பிடித்துக்கொண்டு. "பழகிருச்சு."