ஷவரில் முளைத்த விதைநெல்

புதுவாயலில் ஒருவன் வீட்டுக்குள் குளித்தால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். நல்ல உடம்புக்காரர்கள் கிணற்றடியில் ஊர்க்கதை பேசிக்கொண்டு குளிப்பார்கள். ரங்கூனில் இன்னும் இருக்கும் நண்பர்களே, பர்மாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய புதிதில் எனக்கு இது தெரியவில்லை. "இன்னா நைனா, ஜுரமா? ஊட்டுக்குள்ளவே குளிக்கிற?" என்று வாடகைக்கு வீடு தந்த தனம்மாக்கா கேட்டாள். எங்களுக்கு இதுதான் வழக்கம் என்றேன். நோயை மறைக்கிறேன் என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள்.

ரங்கூனில் நாங்கள் இருந்த மாடிவீட்டில் ஷவர் உண்டு. கப்பலேறும் நாளில் என் மனைவி சரோஜாவின் வளையல்களை, நகைக்கு அனுமதியில்லை என்று கழற்றி வாங்கிக்கொண்ட பர்மா அதிகாரி, பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த பித்தளை ஷவரைப் பார்த்துச் சிரித்தார், விட்டுவிட்டார். உலகத்தில் இல்லாத சொத்தைச் சுமந்து வந்தவர் என்று சரோஜா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன் சும்மா இருப்பேனா? வெளியே மேடை கட்டி, டிரம் ஏற்றி, குழாய் இழுத்து, வீட்டுக்குள் ஒரு மூலைச் சுவரில் ஷவரை மாட்டினேன். தினமும் ஏணியில் பத்துக் குடம் ஏற்றிவிட்டு, இரண்டு நிமிடம் மகாராஜாவாக நிற்பேன்.

ரங்கூன் வீடு சிமெண்டுச் சுவர், இது செம்மண் சாந்தில் எழுப்பிய சுவர் என்பதுதான் மகாராஜாவுக்கு உறைக்கவில்லை. ஒரே மாதத்தில் பூச்சு உப்பி உதிர்ந்தது. திருட்டுத்தனமாகச் சுண்ணாம்பு பூசி மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தனம்மாக்காவின் நெல் அறை. ஒருநாள் காலை அவள் போட்ட கூச்சலில் ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரோரம் இருந்த விதைநெல் மூட்டைகளில் கோணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளைகள்.

பர்மாக்காரர்களுக்கு வீடு தரத் தயங்கும் ஊரில், பல வாசல் ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வீடு இது. இதுவும் போனால் மறுபடி அகதி முகாம்தான். சரோஜா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. சுவரை நானே கட்டித் தர்றேன்."

"சொவரு கெடக்குது! மொளைச்ச வெத நமக்காவ காத்துக்கினு இருக்குமா? இன்னிக்கே சேத்துல வுடணும். அடுத்த வாரம் ஊறப்போடலாம்னு இருந்தேன், நீ முந்திக்கினே. இன்னா பாத்துக்கினு நிக்கிற? மூட்டையப் புடி. ஏம்மா சரோசா, நீயும் வா!"

அன்று முழுக்க மூவரும் முழங்கால் சேற்றில் நின்றோம்.

அறுவடை முடிந்ததும் தனம்மாக்கா ஒரு மரக்கால் புதுநெல் தந்தாள். சரோஜா அதைக் குத்தி மாவாக்கி, சேவை பிழிந்து, மீன்சாறு ஊற்றி, ரங்கூன் தெருக்களில் விற்கும் மொகிங்கா செய்தாள். அக்கா கிண்ணத்தை வழித்துவிட்டு, "எந்த ஊரு சாப்பாடு இது?" என்றாள்.

"ரங்கூன் அக்கா."

"போ நைனா, நெல்லு நம்ம கழனிது."

'நம்ம' என்றாளே, அதைக் கேட்டு நானும் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டேன். நாக்கில் இருந்ததென்னவோ ரங்கூன்தான்.