விண்வெளிக்குக் கை மட்டும் போதுமா?

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. தடித்த குளிர்கோட்டுக்கு மேல் வெள்ளி நிற மழைக்கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ், கையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் பேருந்தில் ஏறினேன். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிர் இருக்கைப் பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடியே வந்தார். பின்லாந்தின் தம்பெரே நகருக்கு வந்து பதினொரு வருடமாகிறது; இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. வெறுப்பெல்லாம் கிடையாது. அடுத்தவரை உற்றுப் பார்ப்பது இங்கே மரியாதைக்குறைவு, அவ்வளவுதான். இதே வேஷத்தில் எங்கள் ஊர்ச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியிருந்தால் திருவானைக்கோவில் வருவதற்குள் நாலு பேர் என் பூர்வீகத்தை விசாரித்து முடித்திருப்பார்கள். ஒரு அம்மாவாவது கட்டாயம் கேட்டிருப்பார்: "ஏம்மா, சமயபுரத்துக்கு ஏதும் வேண்டுதலா?"

வேண்டுதல் மாதிரிதான். என் அண்ணி விஜயாவின் முகம் வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேஷம்.

அண்ணி லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அண்ணன் செல்வத்துக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். நாலு வருடத்துக்கு முன்னால் அண்ணி ஒரு சமையல் சேனல் தொடங்கினார். அதில் அவர் முகம் வராது. இரண்டு கை, கை நிறைய கண்ணாடி வளையல், ஒரு குரல். நம் ஊர்ச் சமையல் சேனல்களில் பாதி இப்படித்தான் என்பது உங்களுக்கே தெரியும். போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி அடுப்பை மட்டும் காட்டுவார்கள். ஒருநாள் காய்கறிக் கடையில் யாரோ ஒரு பெண் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்த வத்தக்குழம்புக் கைதானே?" என்றாளாம். "முகத்தைப் பாக்கவே இல்ல மல்லி. கையோடயே பேசிட்டுக் கெளம்பிட்டா" என்று அண்ணி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தார். விஞ்ஞானக் கதை! டிவியில் வந்த ஏதோ ஒரு விண்வெளிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கோபத்தில் எழுதியது. "ராக்கெட்ல போறவன் பூரா ஆம்பளை. கீழ நின்னு அழ ஒரு பொம்பளை. உள்ள இன்னொருத்தி இருக்கா, சரி வந்துட்டாளேன்னு பாத்தா அவ ரோபோ. இடுப்பைப் பிடிச்ச சட்டை போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் காப்பி வேணுமான்னு கேக்குறா. ஏன் மல்லி, அத்தனை கோடி போட்டு செஞ்ச கப்பல்ல காப்பியை எடுத்துக் குடிக்க அவனுக்குக் கை இல்லையா?"

அண்ணியின் கதை வேறு மாதிரி. காவிரி அடியோடு வற்றிய ஒரு காலத்தில், பெண் கேப்டன் ஒருத்தி பனிக்கட்டியாலான கோளுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறாள். கேப்டன் அண்ணியேதான். கப்பலின் இன்ஜினியர், பக்கத்து வீட்டு வைதேகி. வைதேகி ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வங்கியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். கீழே நின்று அழும் பாத்திரம் என் அண்ணனுக்கு. "வசனம் எதுவும் வேணாம், அழுதா போதும்" என்று சொல்லிவிட்டார்கள். கவிழ்த்த இட்லித்தட்டு கப்பலின் பட்டன் பலகை. கொள்ளிடத்து மணல்தான் கோள். ஹெல்மெட் அண்ணனுடையது. மூன்று நாள் படம் பிடித்தோம், வெயிலில் வறுபட்டோம்.

நாலாம் நாள் எல்லாரும் டிவியில் போட்டுப் பார்த்தோம். கப்பலுக்குள் நடக்கும் காட்சி எல்லாவற்றிலும் கேப்டனின் கை மட்டும் இருந்தது! நாலு வருடப் பழக்கத்தில் அண்ணி போனை ஸ்டாண்டில் கவிழ்த்தே மாட்டியிருக்கிறார். எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வளையல் குலுங்க இட்லித்தட்டைத் தட்டும் கைகள். மணலில் எடுத்த காட்சிகளிலோ கண்ணாடியை இறக்கி மூடிய ஹெல்மெட். நடுநடுவே அண்ணனின் அழுகை மட்டும் திரை முழுக்க, வெகு தெளிவாக.

"விஜயா, நன்னாத்தான் இருக்கு" என்றாள் வைதேகி. "ஆனா உங்க கேப்டன் கோளுக்குப் போறாளா, கொழம்புக்குத் தாளிக்கறாளா, அதைச் சொல்லுங்கோ முதல்ல."

அண்ணன், "என் சீனெல்லாம் நல்லா வந்திருக்கு" என்றான்.

சிரித்து ஓய்ந்ததும் அண்ணி மெதுவாக, "கையே இருக்கட்டும். முகம் எதுக்கு?" என்றார். நான் விடுவேனா? பின்லாந்தில் பெண்கள் பிரதமராகவே இருந்திருக்கிறார்கள், செய்தியில், விளம்பரத்தில், எங்கே பார்த்தாலும் வயதான பெண்கூட வயதான முகத்தோடேயே வருகிறாள் என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். "எங்க ஊர்ல எல்லாம்..." என்று ஆரம்பித்ததும் வைதேகி, "எது உங்க ஊரு? இதுவா, அதுவா?" என்றாள்.

அண்ணி என் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முகம் வேணாம்னு சொன்னதே நீதானே மல்லி?"

ஆமாம், நான்தான். சேனல் தொடங்கியபோது போனில் கேட்டார். 'முகத்தைப் போட்டா கண்டவனும் கண்டபடி எழுதுவான் அண்ணி, கை போதும்' என்று தம்பெரேயில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. "உங்கம்மாகூட வேணாம்னு சொல்லல. வெளிநாட்டுல இருக்குற பொண்ணே சொல்லுதேன்னுதான் நான் மூடிக்கிட்டேன்" என்றார் அண்ணி. கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் சுட்டது. பிறகு அவரே, "அது கெடக்கட்டும். ஃபின்னிஷ் கிளாஸ்னு வாரம் ஒருநாள் லேப்டாப் முன்னாடி உக்கார்றியே, அதுல மத்தவங்க முகமெல்லாம் தெரியுது. உன் கட்டம் மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?" என்றார்.

தப்பாகப் பேசும்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்; அதனால் கேமராவை அணைத்து வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"சரி, பேரம்" என்றார் அண்ணி. "பனிக்கோள்ல ஐஸ் வெட்டி அனுப்ப ஒரு ஆளு வேணும். உங்க ஊர்ல பனி விழட்டும். மொதல்ல நீ ஹெல்மெட் மூடியைத் தொறந்து முகத்தைக் காட்டு. பாத்துட்டு நான் காட்டுறேன். நீ காட்டலைன்னா என் படம் கையோடயே போவட்டும்."

அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமைப் பேருந்து. உறைந்துபோன ஏரிக்கரையில் ரித்வா காத்திருந்தாள். பள்ளிச் சமையற்கூடத்தில் என்னோடு வேலை செய்பவள். ஹெல்மெட் அவள் மகனுடையது, முதல் நாளே இரவல் வாங்கியிருந்தேன். கதை புரியட்டும் என்று ஊரில் எடுத்ததைப் போனில் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "கேப்டனுக்கு முகமே இல்லை. மிகத் துணிச்சலான கலை. வேண்டுமென்றே செய்ததுதானே?" என்றாள் ஃபின்னிஷில். ஸ்டாண்டு கதையை விளக்குமளவுக்கு என்னிடம் மொழி இல்லை. "யோ" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவள் இன்னும் மரியாதையாக, "அழுகிற இந்த மனிதர் பெரிய நடிகரா?" என்றாள். அதற்கும் "யோ" என்று சொல்லிவைத்தேன். அண்ணன் இதைப் படித்தால் சம்பளம் கேட்பான்.

உறைந்த ஏரி மேல் நடந்துபோய் நின்று, ஹெல்மெட் மூடியைத் தூக்கினேன். குளிர் கன்னத்தில் அறைந்தது. வசனம் மறந்துவிட்டது. கண்ணில் நீர், மூக்கு சிவந்து பழம்போல. ரித்வா போனை இறக்கவே இல்லை. பதினொரு வருடத்தில் இந்த ஊரில் ஒருவர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். "இங்க நெறைய ஐஸ் இருக்கு கேப்டன். வேணுங்கறத எடுத்துக்குங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வீடு வந்ததும் அப்படியே அண்ணிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. பார்த்துவிட்டார் என்பது மட்டும் போனில் தெரிந்தது. என் மூக்கைப் பார்த்தே பயந்துவிட்டாரோ என்று கவலையாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு வீடியோ வந்தது. கொள்ளிடத்து மணலில் கேப்டன் நடந்து வருகிறாள். நிற்கிறாள். கை இரண்டு முறை ஹெல்மெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. போனைப் பிடித்திருந்த வைதேகியின் குரல் கேட்கிறது: "தொறங்கோ விஜயா, பெருமாளே பாத்துண்டிருக்கார்." மூன்றாம் முறை மூடி மேலே போனது. வியர்வையில் ஒட்டிய முடி, புருவத்துக்கு இறங்கிவிட்ட பொட்டு, ஒரு பெரிய சிரிப்பு. "தண்ணி கொண்டாந்துட்டேன்!"

படம் சேனலில் ஏறியது. கண்டபடி எழுத ஆட்கள் வராமல் இல்லை. 'போய் அடுப்பைப் பாரு' என்று ஒருவன். 'அணைச்சுட்டுத்தான் தம்பி கெளம்புனேன்' என்று அண்ணி பதில் போட்டிருந்தார். லால்குடிச் சித்தப்பா போன் செய்து சண்டை பிடித்தாராம், "நம்ம வீட்டுப் பொண்ணு ராக்கெட்ல போவுது, ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று. என் வகுப்பிலும் கட்டம் இப்போது கறுப்பாக இல்லை. தப்பாகத்தான் பேசுகிறேன், முகம் போகிற போக்கில் போகிறது.

நாங்கள் இருவரும் முகம் காட்டும் இரண்டு காட்சிகளையும் ஒட்டியது வைதேகி. அவளுக்கு அந்த வேலை புதிது. ஒரு காட்சி மறைவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஒரு நொடி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து நிற்கின்றன. திருத்தவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். அந்த நொடியில் நிறுத்தி அடிக்கடி பார்க்கிறேன். பனி ஏரிக்கு மேலே அண்ணியின் முகம் எழும்பி நிற்கிறது. என் பூட்ஸ் கால்கள் கணுக்கால்வரை கொள்ளிடத்து மணலில் புதைந்திருக்கின்றன.