அலெக் ஆடிய கோப்பை ஆட்டம்

1. தகடு

லண்டனில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பதிவேடுகளை இருபத்தாறு ஆண்டுகள் கவனித்தேன். யார் ஆடினார், எந்த மாட்ச், எத்தனை கோல். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், காணிப் பதிவு எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு இது புதிதல்ல. அங்கே காணி, இங்கே கால்.

ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில் கழகம் ஒரு பித்தளைத் தகடு செய்தது. முதல் அணிக்கு அதிகாரபூர்வமாக ஒரு மாட்சாவது ஆடிய எல்லோர் பெயரும் அதில் வரும். ‘அதிகாரபூர்வமாக’ என்பதைச் சேர்த்தவன் நான்.

மொய்ரா என்ற எழுபதைக் கடந்த கிளாஸ்கோப் பெண் இரண்டு கடிதம் எழுதினார். அவர் தந்தை அலெக் இருபத்தொரு வயதில் எங்கள் அணிக்கு வந்து லீக்கில் மூன்று மாட்ச் ஆடினார். உடனே இரண்டாம் உலகப் போர் மூண்டது. அந்தப் பருவத்தையே லீக் பதிவிலிருந்து நீக்கியது. ஆறு வருடம் பட்டாளத்தில் போயிற்று. நீக்கிய மாட்ச் கணக்கில் வராது என்று பதில் போட்டேன். திரும்பி வந்து ஒரு கோப்பை மாட்ச் ஆடியதாகத் தந்தை சொன்னார் என்று இரண்டாவது கடிதம் வந்தது. பதிவில் இல்லை என்று எழுதி, விதி எண்ணையும் குறிப்பிட்டேன். விதி எண் எழுதுவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு.

2. பென்சில்

வியாழன் காலை மொய்ரா நேரிலேயே வந்துவிட்டார். கையில் அந்தக் கோப்பை மாட்சின் புரோகிராம், அன்று மைதானத்தில் விற்ற சிறு புத்தகம். எட்டாம் இலக்கத்தில் அச்சிட்டிருந்த பெயரைப் பென்சிலால் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் அலெக்கின் பெயரை யாரோ எழுதியிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் சொல்லும் மாற்றங்களை ரசிகர்கள் அப்படித்தான் குறித்துக்கொள்வார்கள்.

“இணைய ஏலத்தில் வாங்கினேன். யாருடையதென்றே தெரியாது” என்றார்.

“ஒரு சான்று போதாது. இரண்டு வேண்டும்.”

“உங்கள் பதிவுக்கு எத்தனை இருக்கு?”

நல்ல கேள்வி. கணினியைத் திறந்தேன். அந்த மாட்சின் அணிப் பட்டியல் நிலவறையில் வெள்ளம் புகுந்தபோது அழிந்துவிட்டது. கட்டம் காலியாக இருப்பது அழகில்லை என்று, அச்சிட்ட புரோகிராமைப் பார்த்து நிரப்பி ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குறியிட்டிருந்தார் ஒருவர். கீழே இருந்தது என் இனிஷியல்.

நோர்பரியில் கடை வைத்துத் தகட்டில் பெயர் வெட்டும் யோகனுக்குப் போன் எடுத்தேன்.

“நீங்களோ அண்ணை? போன கிழமை ஒரு புள்ளி கூடிப்போச்செண்டு என்னைப் படுத்தின பாடு காணாதோ?”

“யோகன், ஒரு பேர் கூட வரலாம்.”

“வரலாமோ, வருமோ?”

“தெரியாது.”

“உங்கடை வாயிலை ‘தெரியாது’ எண்டு இண்டைக்குத்தான் கேக்கிறன். சனிக்கிழமை திறப்புவிழா. இண்டைக்கு ரெண்டு மணிக்கு மெசினை ஓட விடுறன். அதுக்குப் பிறகு பிள்ளையார் வந்து கேட்டாலும் ஏலாது.”

3. ஏணி

மாட்ச் முடிந்ததும் இரு கழகச் செயலாளர்களும் அணிப் பட்டியலில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது அந்தக் கால வழக்கம். எதிரணி யோர்க்ஷயர்க் கழகம். அவர்களுடைய பழைய பதிவுகளை ரொன் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி வீட்டுப் பரணில் வைத்திருந்தார். போனில் கேட்டபோது, ஏணி பக்கத்து வீட்டில், பக்கத்து வீட்டார் கடையில் என்றார். காத்திருந்தோம். மொய்ரா கோட்டைக் கழற்றவில்லை. நான் தேநீர் போட்டேன், இருவரும் குடிக்கவில்லை.

ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. ரொன் கோல்காப்பாளரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

“எட்டாம் இலக்கத்தைச் சொல்லுங்கள்!” என்று கத்தினேன்.

“பொறுங்கள், ஒழுங்கு என்று ஒன்று இருக்கு” என்றார்.

வாழ்நாளெல்லாம் நான் பிறருக்குச் சொன்னது. அன்றுதான் கேட்க எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

ஆறு. ஏழு. எட்டு: அலெக். அச்சிலிருந்தவருடைய ரயில் பிந்தியதாம். ஓரத்தில் குறிப்பும் இரண்டு கையெழுத்தும் இருந்தன. நான் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. பட்டியலை ரொன் படமெடுத்து அனுப்பி, அது வந்துசேர ஒன்று ஐம்பத்தாறு. யோகனின் போன் எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். மூன்றாம் முறை எடுத்தான்.

“யோகன், நிப்பாட்டு!”

“தகட்டை ஏத்திப்போட்டன் அண்ணை. பட்டன் இன்னும் அமத்தேல்லை. பேரைச் சொல்லுங்கோ, கெதியா!”

சொன்னேன். திரும்பி மொய்ராவிடம், “உங்கள் அப்பா ஆடியிருக்கிறார்” என்றேன்.

“அது எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்” என்றார். “உங்களுக்குத் தெரிந்ததில் சந்தோஷம்.” அப்போதுதான் கோட்டைக் கழற்றினார்.

செயலாளரிடம் போய்ப் பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மீதி இரண்டு மாதமும் நான் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குறியிட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சான்றில்லாதவற்றை அழித்தேன். பதிவேடு இப்போது பார்க்க அழகாக இல்லை.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் யாராவது ஒருவர் தேடுவார். நிரப்பிய கட்டத்தை யாரும் தேடுவதில்லை.