பனியில் பிரேக் பிடிக்காத றெஜினா அக்கா

செய்தி வந்தபோது நான் காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் றெஜினா அக்காவின் கணவர். "அன்ரன், அக்கா போயிட்டா. விடிய எழுப்பினன், எழும்பேல்லை" என்றார். "வாறன் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சப் பனியையும் சுரண்டி முடித்தேன். பாதிக் கண்ணாடியோடு காரை எடுத்திருந்தால் அக்கா ஏசியிருப்பார்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிற உங்களில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மன்னாரில் பிறந்து, ஜேர்மனியில் பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது அவர் வேலை. காலை ஆறரைக்கு அவருடைய கார் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் எங்கோ ஒரு கிழவர் கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் காத்திருப்பார். குளிர் காலத்தில் கார்கள் காட்டும் சேட்டைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படியானது அப்படித்தான். மார்கழியில் பூசை முடிந்ததும் நாங்கள் ஆண்கள் யாருடையவோ காரின் பொனெற்றைத் திறந்துவைத்து ஆளுக்கொரு வியாதி சொல்லிக்கொண்டு நிற்போம். அக்கா எட்டிப் பார்ப்பார். "பற்றரி செத்துப்போச்சு. இத்தனை டொக்டர்மார் நிண்டும் ஒருதரும் நாடி பாக்கேல்லையோ?" என்று கேட்டபடியே தன் காரிலிருந்து வயரைக் கொண்டுவருவார்.

எங்கள் பழக்கம் ஒரு கேத்தில் சுடுதண்ணீரில் தொடங்கியது. லண்டனில் என் முதல் கார், முதல் உறைபனி. அவசரத்தில் கொதிநீரைக் கொண்டு ஓடிவந்து முன்கண்ணாடியில் ஊற்றினேன். எதிர் வீட்டு வாசலிலிருந்து "ஊத்தாதையும்!" என்று ஒரு பெண் குரல். அது வந்து சேருமுன் கண்ணாடி ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வெடித்துவிட்டது. வீதியைக் கடந்து வந்தவர் வெடிப்பைப் பார்த்தார், கேத்திலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணாடிக்குப் பிளேன்ரீ போட்டனீரோ?" என்றார். வேறொருவர் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அக்கா கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இந்த வருடத் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்வதற்காக. என் தங்கை ஜெசிந்தா ஊரிலிருந்து தப்பி வந்து மூன்று மாதமாகியிருந்தது. சாப்பிட்டாள், படுத்தாள், பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். குரோய்டனில் அவளுடைய அகதி விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. "நடந்ததை அவதான் தன்ரை வாயாலை சொல்லவேணும். வேறை ஆரும் சொல்ல ஏலாது" என்று எங்கள் சட்டத்தரணி எச்சரித்திருந்தார். வாயே திறக்காதவளை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று விடிந்தபோது வீதியெல்லாம் வெள்ளை. பஸ் ஓடவில்லை. காரின் சாவியைத் திருப்பினேன். கிறீச்சென்ற சத்தம், பிறகு ரப்பர் கருகும் மணம். "நிப்பாட்டும்!" என்று கத்திக்கொண்டு றெஜினா அக்கா ஓடிவந்தார். பொனெற்றைத் திறந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் மூடியைக் கழற்றினார். உள்ளே பனிக்கட்டி.

"என்ன தண்ணி விட்டனீர்?"

கோடையில் பிரான்சில் லூர்து மாதா கோவிலுக்கு யாத்திரை போனபோது ஒரு கலன் நிறையத் தீர்த்தம் கொண்டுவந்திருந்தேன். ஜெசிந்தா வந்த கிழமை, அவளை ஏற்றி இறக்கப்போகிற காருக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு அதை நிரப்பியிருந்தேன். "லூர்துத் தண்ணி, அக்கா."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா உம்மைக் காப்பாத்துவா. எஞ்சினை உறையாமல் காப்பாத்த அன்ரிபிறீஸ் விடவேணும். இனித் திறப்பிலை கை வையாதையும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்ரை காருக்கு வாரும்."

தன் முதியவர்களுக்குப் பிந்தி வருவதாக அறிவித்துவிட்டுக் காரை எடுத்தார். ஜெசிந்தா முன்னால், நான் பின்னால். மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் போனபோது எதிரே ஒரு வான் குறுக்கே சறுக்கியது. அக்கா கியரைக் குறைத்து மெல்ல விலத்தினார்.

"ஏன் பிரேக் பிடிக்கேல்லை?"

கேட்டது ஜெசிந்தா. அக்கா ஒன்றும் நடக்காதது போலப் பதில் சொன்னார். "பனியிலை பிரேக் பிடிச்சால் சில்லு நிக்கும், கார் நிக்காது."

கொஞ்சத் தூரத்தில் ஒரு சிறு ஏற்றத்தில் சில்லு சுழன்றதே தவிர கார் நகரவில்லை. அக்கா இறங்கிப் பின்னாலிருந்த பழைய கம்பளத் துண்டுகளை எடுத்து முன்சில்லுகளுக்குக் கீழே செருகினார். நான் தள்ளினேன். கார் ஏறியது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நான் வந்து ஏறியபோது ஜெசிந்தா சொன்னாள்: "அப்பா உரச்சாக்குப் போடுறவர். உழவு மெசின் சேத்துக்கை புதைஞ்சால்."

"நல்ல மூளைக்காரன்" என்றார் அக்கா. "எங்கை புதைஞ்சது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த உழவு மெசினில்தான் அவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். எங்கே நின்றார்கள், யாரை ஏற்றினார்கள், அப்பாவை எந்த இடத்தில் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று, எல்லாம் சொன்னாள். அண்ணனாகிய எனக்கு அதுவரை தெரியாதவை. நான் பின்னாலிருந்து சத்தம் வராமல் அழுதேன். அக்கா "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதையைப் பார்த்தபடி இடையிடையே "ஓம், பிறகு?" என்று மட்டும் கேட்டார்.

குரோய்டன் வாசலில் காரை நிறுத்தி அவள் கையைப் பிடித்தார். "உள்ளுக்கையும் இப்பிடியே சொல்லு, பிள்ளை. உழவு மெசினிலை இருந்து தொடங்கு. அழுகை வந்தால் அழுதுபோட்டுச் சொல்லு. அவையள் காத்திருப்பினம்." எங்களை இறக்கிவிட்டு முதியவர்களிடம் போனார். பின்னேரம் திரும்பி வந்து ஏற்றினார். கதவைத் திறந்ததும் ஜெசிந்தாவின் முதல் வார்த்தை, "சொல்லிப்போட்டன் அக்கா."

ஐப்பசியில் அவளுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது எதிர் வீட்டுக்கு.

போன சனிக்கிழமை அடக்கப் பூசையில், அக்காவைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று பங்குச் சுவாமி கேட்டார். நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எழும்ப முடியவில்லை. பக்கத்திலிருந்த ஜெசிந்தா என் கையைத் தட்டிவிட்டு எழுந்து முன்னால் போனாள். தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. எவ்வளவு நேரம் பேசினாள் என்பது வந்திருந்த உங்களுக்குத் தெரியும். சுவாமி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

றெஜினா அக்கா எனக்கு விட்டுப்போனது ஜெசிந்தாவின் அந்தப் பேச்சைத்தான். இப்போது வீட்டில் அவளுக்கு வாய் ஓய்வதில்லை. நான் ஒருநாளும் நிறுத்தச் சொல்வதில்லை.