பெரிய ரவை

எங்கள் வீட்டில் ரவை என்றால் இரண்டு. ஒன்று உப்புமா கிண்டுவது. மற்றொன்று துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமனார், "ரவை தீந்து போச்சு, தஞ்சாவூர் போகணும்" என்று சொல்ல, அரைக்கிலோ ரவைக்கா அவ்வளவு தூரம், குடவாசலில் கடையே இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன். வீடே சிரித்தது. விவரம் புரிந்ததும் நானும் சிரித்தேன்.

மாமனார் காலத்துக்குப் பிறகு பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் வாங்கியிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அதன் லைசன்ஸும் என் கணவர் பேருக்கு வந்தன. அவர் அதை வைத்து ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. கதிர் பால் பிடிக்கும் சமயம் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். குருவிக் கூட்டம் பக்கத்து வயலுக்குப் போகும். பக்கத்து வயல்காரர் தகரத்தைத் தட்டினால் நம் வயலுக்கே திரும்பி வரும். மற்ற நாளெல்லாம் துப்பாக்கி பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் நிற்கும். விசேஷத்துக்குப் புடவை எடுக்கப் போனால் குழலின் குளிர்ச்சி கையில் படும். அப்படியே உதறிக்கொண்டு பருத்திப்புடவை கட்டிக்கொண்டு போன கல்யாணங்கள் உண்டு.

நான் பயந்தாங்கொள்ளிதான். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், குக்கர் விசிலுக்கும் பயம். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் இந்தப் பயம் அந்த வகை இல்லை.

மனைவியை எங்களோடு விட்டுவிட்டுத் துபாயில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் லீவில் வந்தபோது அது தொடங்கியது. அங்கே ரூமில் பொழுது போகாமல் போனில் வெளிநாட்டுக்காரர்கள் மான் வேட்டையாடும் வீடியோக்களாகப் பார்த்திருக்கிறான். கையால் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லை. பேச்சு மட்டும் ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவன் மாதிரி.

"அண்ணி, ரைபிள்ல போடுற புல்லட்லயே ரகம் இருக்கு. முனை கூரா இருந்தா இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். மான் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். முனை மெத்துனு இருக்கறத எடுக்கணும். உள்ள போனதும் பூ மாதிரி விரியும். அந்த எடத்துலயே விழுந்துரும்."

சொன்னதோடு விட்டானா? கொட்டகையில் நின்ற எங்கள் பசுவிடம் போய், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து, "இங்கதான் அடிக்கணும்" என்று காட்டினான். பசு திரும்பி அவன் கையை நக்கியது.

வேதாரண்யம் பக்கம், காட்டை ஒட்டிய ஊரில் அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். விடிவதற்கு முன்னால் மான்கள் காட்டை விட்டு மேய வருமாம். துப்பாக்கியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு போனால் போதுமாம். "ரெண்டு கண்ணு மின்னும். அதுதான் மான்" என்றான் கொழுந்தன். துப்பாக்கியை லைசன்ஸ்காரர்தான் தூக்கிக்கொண்டு போக முடியும். ஆகவே சுடப்போவது என் கணவர்.

கருக்கலில் மின்கம்பத்துக்கு வணக்கம் வைத்தவர் என் கணவர். ஆள் நிற்கிறார் என்று நினைத்து, "சௌக்கியங்களா?" என்றும் விசாரித்திருக்கிறார். இவர் கையில் துப்பாக்கி, எதிரே மின்னும் இரண்டு கண். அந்தப் பக்கமெல்லாம் உப்பளம். விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் வேலைக்கு நடப்பார்கள். மனுஷக் கண் மின்னாதா? மின்னாது என்று கொழுந்தன் சத்தியம் செய்தான். கூடை தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு பெண் என் கனவில் வர ஆரம்பித்தாள். முகம் தெரியாது. என் வயசுதான் இருக்கும் என்று மட்டும் தெரியும். பிடிபட்டால் ஜெயில் என்பதுகூட எனக்கு இரண்டாம் பட்சம். இவர் கையால் ஓர் உயிர் போய்விடும் என்பதுதான் என் பயம்.

முடியாது என்று இவர் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டார். தம்பி கேட்டு இல்லை என்று சொன்ன வாயே இல்லை அது. பிடிக்காத எதற்கும் எங்கள் ஊர் மரியாதையில் ஒரு பதில் உண்டு. "பாக்கலாம்." பெண் கேட்டு வந்தாலும் பாக்கலாம், கோயில் கமிட்டிக்குக் கூப்பிட்டாலும் பாக்கலாம். கேட்டவர் புரிந்துகொண்டு போய்விட வேண்டும். துபாய்க்குப் போனவனுக்கு அந்தப் பாஷை மறந்து போயிருந்தது. அண்ணன் பாக்கலாம் என்றதும் அவன் கூட்டாளிக்குப் போன் போட்டு நாள் குறித்துவிட்டான்.

தோட்டா வாங்கத் தஞ்சாவூருக்கு நானும் கூடவே போனேன். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் என் கணவர் கண்ணைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

கடைக்காரர் நெற்றியில் விபூதியோடு மருந்துக் கடைக்காரர் மாதிரி சாந்தமாக இருந்தார். கொழுந்தன் உள்ளே நுழைந்தவுடனே முனை மெத்தென்ற புல்லட் பற்றி ஆரம்பித்தான். அவர் முழுசும் கேட்டுவிட்டு, "தம்பி, அதெல்லாம் ரைபிளுக்கு. உங்க வீட்டுல இருக்கறது ரவைத் தோட்டா போடுற துப்பாக்கி. சின்ன ரவைன்னா உள்ள கடுகாட்டம் நெறைய இருக்கும். கொக்கு, குருவிக்கு. பெரிய ரவைன்னா எண்ணி ஆறேழுதான். ஒண்ணு பட்டாலும் போதும். உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

"பெரிய ரவை" என்றான் கொழுந்தன். "வயல்ல பன்னி வருது."

பன்றியாவது ஒன்றாவது! எங்கள் வயலில் பன்றியைக் கண்டவர் யார்? எப்படியாவது சின்ன ரவையாக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் குறுக்கே விழுந்தேன். "பன்னி இல்லைங்க, மயில். மயில்தான் வந்து அழிக்குது."

கடைக்காரர் எழுந்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அம்மா, மயிலச் சுடத் தோட்டா வேணும்னு வேற எந்தக் கடையிலயும் போய்ச் சொல்லிராதீங்க. உங்க எல்லாரையும் உள்ள வெச்சிருவாங்க." பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "லைசன்ஸ் உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்லுங்க. எது வேணும்?"

என் கணவர் அலமாரியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாக்கலாம்ங்க" என்றார்.

"பாக்கலாம்னு ஒரு தோட்டா கிடையாதுங்களே."

"பெரிய ரவைதாண்ணே, சொல்லுங்க" என்றான் தம்பி. இவர் தலையை ஆட்டினார். சிவப்புத் தோட்டாக்கள் ஒரு கையளவு மேஜைக்கு வந்தன. பஸ்ஸில் அந்தப் பை என் மடியில் இருந்தது. ஊர் வரும்வரை கூடைக்காரி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர்கள் வேட்டைக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். தோட்டாக்களை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக் கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமையலறையில் ரவை டப்பாவின் அடியில் புதைத்தேன். ஆண்கள் கை வைக்காத டப்பா அது. தோட்டா இல்லையென்றால் பயணமும் இல்லை. நிம்மதியாகக் கொல்லைப்புறம் போய்த் துணி காயப் போட்டேன்.

உள்ளே கொழுந்தன் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தான். "ரவை எங்க? யாரு எடுத்தா ரவைய?" என்று அவன் கத்துவது கேட்டது.

சமையலறையிலிருந்து அவன் மனைவி பதில் சொன்னாள். "அடுப்புலதான் இருக்கு. உங்களுக்குத்தான் வறுத்துக்கிட்டிருக்கேன்."

துபாய்க்குக் கட்டிக் கொடுக்க, வண்டு வராமல் இருக்க, டப்பாவோடு வாணலியில் கவிழ்த்திருக்கிறாள் பாவி மகள்.

நான் ஓடினேன். வாணலியில் ரவைக்கு நடுவே பை உருகி, தோட்டாக்களோடு இரும்பில் ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டே, "இது என்னக்கா, ரவைல?" என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். பின்னாலேயே வந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "ஐயோ, வெடிச்சிரும்!" என்றான். அடுத்த நொடி அவன் தெருவில் இருந்தான். மனைவி கையைப் பிடித்து இழுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். ஓட வேண்டுமென்றால் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஆறேழு ரவையும் எங்கள் இருவரில் யாருக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வந்தார். அடுப்பை அணைத்தார். பிடிதுணி எங்கே என்று தேடாமல் வாணலியின் இரண்டு காதையும் வெறுங்கையால் பற்றித் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். ஓடவில்லை, நடந்தார், குலுங்கக் கூடாதென்று. மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் அதை இறக்கினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. வெடிக்கவில்லை. கைகளை வெளியே எடுக்காமல் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொழுந்தன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். தொட்டியில் ரவை ஊறி மிதந்தது. பசு நாக்கை நீட்டியது.

"நனைஞ்சிருச்சாண்ணே?" என்றான். "பரவால்ல, காய வெச்சா ஆகும். இல்லன்னா அடுத்த லீவுல பாக்கலாம்."

என் கணவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. தம்பியை நேராகப் பார்த்தார்.

"வர மாட்டேன்டா" என்றார். "அடுத்த லீவுக்கும் வர மாட்டேன்."

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பியும்தான்.

வலது கையில், விசை இழுக்கும் ஆள்காட்டி விரல்தான் மோசமாக வெந்திருந்தது. டாக்டர் கட்டுப் போட்டு, மடங்க நாளாகும் என்றார். நான்தான் சோறு ஊட்டினேன். ஒரு நாள் உப்புமாவைக் கொண்டுபோனால், "எந்த ரவை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வலியை அடக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

இதைச் சொன்னால் பாவம் என்பார்கள். அந்த விரல் மடங்காமல் இருந்த நாட்களில்தான் கூடைக்காரி கனவில் வராமல் நான் நன்றாகத் தூங்கினேன்.