பேட்டரி இருந்த பள்ளம்

மலாய் நாட்டு அவசரகாலத்தில், கோலா சிலாங்கூர் பக்கத் தோட்டமொன்றில் துரையின் காரை ஓட்டியவர் என் அப்பா. அந்தப் பழைய காரின் பேட்டரி, பின்சீட்டுக்கு அடியில் தரைப்பலகைக்கும் கீழே இருந்தது. வாரந்தோறும் அதற்குத் தண்ணீர் ஊற்ற, முதலில் விரிப்பு, பிறகு சீட்டு, பிறகு ஆறு ஸ்குரு போட்ட பலகை என்று கழற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். பேட்டரியை அங்கே வைத்தவன் ஒருநாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டான் என்பது அப்பாவின் தீர்மானம்.

துரை லீவில் சீமைக்குப் போயிருந்தபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதை இடம் மாற்றி முடித்தார். கதவுக்குக் கீழுள்ள மிதிபலகைமேல் மூடி போட்ட ஒரு பெட்டி, அதற்குள் பேட்டரி. இனி ஐந்தே நிமிடம். பழைய இடம் ஒன்றரை அடி நீளப் பள்ளமாகக் காலியாகக் கிடந்தது.

தோட்டத்துக் கணக்கரான கிராணியின் கடிதங்களைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலைத் தடுப்பில் சிப்பாய்கள் அப்பாவையும் என்னையும் காரிலிருந்து இறக்கினார்கள். எனக்கு எட்டு வயது. காட்டில் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று வண்டிகளைச் சோதித்த காலம். ஒரு பிடி அரிசிக்கும் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். பலகையைக் கழற்றச் சொன்ன வெள்ளைக்கார அதிகாரி, பள்ளத்தின் மூலையிலிருந்து ஏழு அரிசிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார்.

அப்பா, அதிகாரியின் பக்கத்தில் நின்ற போலீஸ் சார்ஜனிடம் திரும்பினார். “பேட்டரி இருந்த எடம் சார்ஜன். இப்ப வெளிய மாத்திட்டேன்.”

பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரரான சார்ஜனுக்குத் தமிழ் தெரியும். என்னிடம் குனிந்தார். “பாப்பா, யாரு மாத்தினா?”

“எங்கப்பாதான்! யாருக்கும் சொல்லாம செஞ்சாரு. தொரைக்கே தெரியாது!” என்றேன், பெருமை தாங்காமல்.

சார்ஜன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு சிப்பாய்கள் அப்பாவின் தோள்களைப் பிடித்து லோரிப் பக்கம் திருப்பினார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சார்ஜன் ஓர் அரிசியை வாங்கி நகத்தால் சுரண்டினார். “மஞ்சத் தடவினதா?”

“ஆயுத பூசைக்கு வண்டியில தூவினது துவான். பலகைச் சந்துல விழுந்திருக்கும்” என்றார் அப்பா பணிவாக.

“எங்க கல்யாணத்துலயும் இதத்தான் தூவுவோம் லா. இத எவன் ஆக்கித் தின்பான்?” என்றவர் அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். அதிகாரி மிதிபலகைப் பெட்டியைத் திறந்தார். பேட்டரியைக் கைத்தடியால் அளந்தார். அதே தடியைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில், போ என்று கையசைத்தார்.

அப்பா என்னை முன்சீட்டில் ஏற்றினார். வண்டி இரண்டாம் கியருக்கு வந்ததும், அவருடைய இடக்கை கியர்க் கம்பியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பற்றியது. பிறகு அது கியருக்குத் திரும்பவேயில்லை. வீடுவரை நான்கு மைலும் அதே கியரில் இஞ்சின் அலறிக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் நான் சொன்ன செய்தி ஒன்றுதான்: “அந்த ஆளுங்க நோண்டி நோண்டி காரோட கியரக் கெடுத்துட்டாங்கம்மா.”